ஆழ்வாப்பிள்ளையும் கொன்வே எஞ்சினும்

அளவெட்டியில் ஆழ்வாப்பிள்ளையோடு பகைக்காதவர் எவரும் இன்னும் பிறக்கவில்லை. எழுபத்தெட்டு வயதுக்குள் அவர் சிரமப்பட்டுத் தேடிய சொத்து அது. இளமையில் கட்டுநாயக்காவில் விமானம் திருத்தும் வேலை பார்த்தவர். வாடகைக்கு வந்த ஜெட் ஒன்றின் வாலில் நாலு கொன்வே எஞ்சின்கள் இருந்தன. உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கை எரிக்காமல் புறத்தால் விட்டுப் பயணிகளைச் சுமந்த எஞ்சின்களில் அதுதான் முந்தியது. மனிதரையும் அவர் அப்படியே பிரித்து வைத்திருந்தார். நெருப்புக்குள்ளால் போனவர் அவர் ஒருவர். ஊர் முழுக்கப் புறத்தால் போனது.

அதில் ஓர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியது தானே என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி, அதே இடத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது அடுத்த வளவில் இருக்கும் பஞ்சலிங்கம். எல்லை வேலியின் கதியால் தடிகளை ஒரு முழம் தள்ளி நட்டது யார் என்ற வழக்கில் இருவருக்கும் பதினொரு வருடமாகக் கதைபேச்சு இல்லை. ஆனால் சந்தியில் யார் கேட்டாலும் பஞ்சலிங்கம் சொல்லுவார்:

"உவன் ஏணி பிடிச்சவன்."

வேறு சாட்சி எவரும் உயிரோடு இல்லை.

செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் வாழ்க்கை வரலாறுதான் கல்வெட்டு. தன்னுடையதில் மகள் தர்சிகா எஞ்சினை விட்டுவிடுவாள் என்று பயந்து, ஆழ்வாப்பிள்ளை அதைத் தானே எழுதினார். காலஞ்சென்ற மனைவிக்கு நாலு வரி, எஞ்சினுக்குப் பதினாறு பக்கம். தர்சிகா அதை மானிப்பாய் அச்சகமொன்றில் கொடுத்துவிட்டு வந்தாள். உயிரோடிருப்பவருக்குக் கல்வெட்டு அடித்துப் பழக்கமில்லாத அச்சகக்காரர், தன் செலவில் கண்ணீர் அஞ்சலியும் அடித்துச் சந்தியில் ஒட்டுவித்தார்.

மறுநாள் காலை தர்சிகா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். ஆழ்வாப்பிள்ளை கிணற்றடி மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் சனம் கூடியது. கலியாணத்துக்கு வராத பகையாளியும் செத்த வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது ஊர் ஒழுங்கு. முதலில் வந்தவர் பஞ்சலிங்கம். கண் கலங்க எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"கொன்வேயைக் கழட்டிப் பூட்டினவன் அவன்தான். ஏணி பிடிச்சவன் நான்."

ஆழ்வாப்பிள்ளை ஈரத் துண்டோடு வெளியே வந்தார். சனம் இரண்டடி பின்வாங்கியது. ஏன் வந்தீர்கள் என்று அவர் எவரையும் கேட்கவில்லை.

"இப்ப சொன்னதை எழுதி ஒப்பம் வைச்சுத் தா."

பஞ்சலிங்கம் கண்ணைத் துடைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அது செத்தவனுக்குச் சொன்னது. உயிரோடை நிக்கிற உனக்கு நான் ஏன் தரோணும்?"

போகிற வழியில் வேலிக் கதியால் ஒன்றை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பஞ்சலிங்கம் இருக்கும்போது செத்தால்தான் அந்தச் சொல் மறுபடி கிடைக்கும். ஆனால் அவருக்கு முந்திச் செத்தால் வேலி அவர் பக்கம் போய்விடும். ஆழ்வாப்பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை.