தட்டில் தொதலா, குனாஃபாவா?

இன்று கீழக்கரையில் ஒரு பலகாரக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதலை எடுத்துவிட்டுக் குனாஃபா வைக்கச் சொல்கிறாள்.

"அது அரபுக்காரங்க பலகாரம். தொதல் இல்லாம தட்டு போனா, வழக்கம் தெரியாத வீடுன்னு சம்பந்தியம்மா என்னையத்தான் பேசுவாங்க."

"உம்மா, அவங்க வீட்டுல பாதிப் பேரு துபாய்லதான் இருக்காங்க. தொதலை யாரு தொடப் போறா?"

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரர் சமாதானமாகச் சொன்னார்: "தொதல் மட்டும் இங்கனயா முளைச்சுச்சு? அதுவும் மலாய்ப் பக்கத்துலருந்து கப்பல்ல வந்ததுன்னுதான் சொல்வாங்க."

எனக்குச் சுவாரசியமாகிவிட்டது. அந்த அம்மா என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கடைக்காரரிடமே கேட்டார்.

"எங்க உம்மா கல்யாணத்துக்கு முந்தியா வந்துச்சு?"

"அதுக்கு ரொம்ப முந்தி."

"அப்பச் சரி. அது நம்மளது. ரெண்டு கிலோ போடுங்க."

மகள் விடவில்லை. "அப்ப குனாஃபாவையும் ஒரு ஓரத்துல வைங்க. என் மக கல்யாணத்துக்கு அதுவும் நம்மளதாயிரும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். இரண்டையும் வாங்கிப் போனார்கள்.

பண்பாடு அழிகிறது என்று கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான அளவுகோலை எதிலும் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் எந்தப் பலகாரம் இப்போது காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது?