மூன்றாம் ட்ரம்பெட்டின் கதிரை

ஸ்தனி அண்ணர் இறந்த செய்தி சிட்னியின் கிரவீன் பகுதித் தமிழர் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அன்றைக்கே எங்கள் ஜாஸ் இசைக்குழுவின் தலைவர் அழைத்து, அஞ்சலிக் கச்சேரியில் அவருடைய கதிரையை வெறுமையாக விடப்போவதாகச் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் குழுவின் வழக்கமும் தெரியும். சிட்னியில் நடன மண்டபங்கள் நிறைந்திருந்த காலத்தில் தொடங்கிய பதினேழு பேர் குழு அது. விலகுபவர் தன் இசைத்தாள் கோப்பை யார் கையில் கொடுக்கிறாரோ, கதிரையும் குழுவில் இடமும் அவருக்கு. மன்னாரில் மாதா கோயில் பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதிப் பழகிய அண்ணருக்கும் ஒரு வயதான வெள்ளைக்காரர் அப்படித்தான் மூன்றாம் ட்ரம்பெட் ஊதுபவரின் கதிரையைக் கொடுத்தார். படகில் வந்தவர், தற்காலிக விசா, பகலில் கோழி ஆலையில் வேலை. செவ்வாய் மாலை மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவார். "கிழமையில ரெண்டு மணித்தியாலம் என்னை ஒருத்தரும் என்ன விசா எண்டு கேக்கிறதில்லை" என்பார்.

பிறகு குழுவுக்கு ஜப்பான் பயணம் வந்தது. அண்ணர் நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது. மாற்றாள் ஒருவரைப் பிடித்தார்கள். சாக்ஸபோன் ஊதும் நான் பெரிய மனிதனாகப் புத்தி சொன்னேன்: "இசைத்தாள் கோப்பை உங்கட கையாலயே அவனிட்ட குடுங்கோ அண்ணை. மரியாதையா இருக்கும்." மூன்று கிழமைக்கு, பயணம் முடியும்வரை மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்ததும் தலைவர் பழைய வழக்கத்தைக் காட்டிப் பேசினார். கோப்பு கைமாறியதால் கதிரையும் போய்விட்டதாம். புது ஆள் நன்றாக ஊதினான், அவ்வளவுதான் விஷயம். அண்ணர் என்னைப் பார்த்தார். என் கதிரைக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் சண்டை பிடிக்கவில்லை. கச்சேரிகளுக்கு வந்து முன்வரிசையில் இருந்து கேட்டார். செவ்வாய்தோறும் பயிற்சி முடிகிற நேரம் எனக்குப் போன் எடுப்பார். "இண்டைக்கு எப்பிடிப் போச்சு, தம்பி?" வேறொன்றும் கேட்கமாட்டார்.

அஞ்சலியன்று மேடையில் கதிரை வெறுமையாக இருந்தது. தலைவர் எங்கள் மரபைப் பற்றிப் பேசினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. உயிரோடு முன்வரிசையில் இருந்த மனிதருக்குக் கிடைக்காத கதிரை, செத்ததும் கிடைத்தது. நானும் எழுந்து நின்றேன்.

அவர் விஷயத்தில் எனக்கு மிஞ்சியது நான் சொல்லாமல் விட்ட ஒரு வசனம்: "மூண்டு கிழமைக்கு எண்டுதான் அண்ணை குடுத்தவர்." இந்தச் செவ்வாய் பயிற்சி முடிந்து எல்லாருக்கும் முன்னால் அதைச் சொன்னேன். எப்படிப் போச்சு என்று கேட்க ஆளில்லை.