எழுந்திருக்க மறுத்த இரண்டு சம்பந்திகள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிவதாணு அண்ணாச்சி காலமான செய்தியைக் கடந்த வாரம் அவர் மனைவி பகவதி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, எனக்குள் முதலில் எழுந்தது துக்கமல்ல; நிம்மதி. சிங்கப்பூரில் ராமென் என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் தின்றதாக நான் அளந்தது பச்சைப் பொய் என்று அறிந்த ஒரே மனிதர் போய்விட்டார் என்ற நிம்மதி. மறுநொடி என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வரிசை மாறியதை அண்ணாச்சி பொறுத்துக்கொள்வார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சி பூதப்பாண்டிக்காரர். நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் வேலையில் சேர்ந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குடை கொண்டாந்தியா மக்கா?" அவருடைய ஒரே மகள் மீனா வேலை நிமித்தம் ஒரு வருடம் ஜப்பானில் இருந்தாள். அங்கே எந்த மூலையில் பூமி குலுங்கினாலும் இங்கே எங்கள் டீ ஆறிப்போகும். "மக்கா, இப்பம் ஒண்ணு குலுங்கிருக்கு" என்று கைப்பேசியோடு வந்து நிற்பார். மீனா இருந்த ஊருக்கும் குலுங்கிய ஊருக்கும் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும். அதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியாது.

ஊர் அவரை அறிந்தது பந்தி விசாரிப்பவராக. யார் வீட்டுக் கல்யாணமானாலும் இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். "ஏலே, மூணாவது இலைக்கு எரிசேரி போகல்ல பாரு!" கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். உட்கார்ந்தால், பக்கத்தில் ஒருவர் கை நனைத்துக்கொண்டிருக்கும்வரை எழமாட்டார். நான் ஒருமுறை அவசரத்தில் பாதியில் எழுந்தபோது சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ எந்திரிச்சா அடுத்தாள் வெக்கப்பட்டு அரை வயித்தோட எந்திரிப்பான்லா?"

சில வருடங்களுக்கு முன்பு, உடன் வேலை பார்த்த கென்ஜி என்ற ஜப்பானியரைக் கட்டிக்கொள்ளப் போவதாக மீனா சொன்னாள். கென்ஜி அப்போது சென்னையில் இருந்தார்; அவர் அப்பாவும் ஜப்பானிலிருந்து வந்தார். இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கும் ஒரு ராமென் கடை. அக்காவுக்கு முழங்கால் வலி. அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சிங்கப்பூர்ல தின்னவன்லா, கூட வா. நான் ஏதாவது கோளாறாத் தின்னு பிள்ளைக்க கல்யாணம் முடங்கிரப்படாது."

நாகர்கோவிலில் ரயிலேறினோம். நான் வாழ்நாளில் தின்றதெல்லாம் என் பிள்ளைகள் மிச்சம் வைத்த பாக்கெட் நூடுல்ஸ்.

கடைக்குள் எங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர்கள் காத்து நின்றார்கள். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "நம்ம கல்யாண மண்டபம் மாதிரிதாம்டே இருக்கு." சட்டி போன்ற கிண்ணங்கள் வந்தன. ஆவி பறக்கும் கோழிச்சாறு, அதில் நூடுல்ஸ், மேலே பாதி வெந்த முட்டை. நான் குச்சிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தேன். அண்ணாச்சி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மக்கா, நீ இது தின்னதே இல்லேல்லா?"

"இல்ல அண்ணாச்சி."

"சரி, வெளிய சொல்லாண்டாம்."

கென்ஜியின் அப்பா கடையே அதிர உறிஞ்சினார். அண்ணாச்சி திடுக்கிட்டு மீனாவைப் பார்த்தார். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம் என்பதுபோல் அவள் தலையசைத்ததும், உள்ளங்கையில் பாயசம் வாங்கிக் குடித்துப் பழகிய வாயல்லவா, இவரும் உறிஞ்சினார். எனக்கு மூச்சு வந்தது.

சிக்கல் பிறகுதான். அண்ணாச்சி முடித்துவிட்டார். எதிரே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவரை அவசரப்படுத்தக்கூடாதே என்று அண்ணாச்சி ஒற்றை நூடுல்ஸ் இழையைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தார். அதைப் பார்த்த கென்ஜியின் அப்பா, இவருக்குப் பசி தீரவில்லை என்று நினைத்து, துணைக்குத் தனக்கு இன்னொரு கை நூடுல்ஸ் கேட்டார். அந்தக் கடையில் அப்படிக் கேட்கலாம். அவர் வாங்கியதும் அண்ணாச்சியும் வாங்கினார். இவர் வாங்கியதும் அவர் மறுபடி வாங்கினார். பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு என் பிடரியில் பட்டது. கடைக்காரர் மூன்றாம் முறையாகத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு பேருக்கும் நெற்றியெல்லாம் வியர்வை. யாராவது ஒருவர் வாந்தியெடுத்தால் சம்பந்தம் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும் என்று நான் நடுங்கினேன்.

"அப்பா, எந்திரிங்கப்பா."

"அவரு முதல்ல எந்திரிக்கட்டும் மக்களே."

எதிரே கென்ஜியும் தன் அப்பாவின் காதில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். மீனா கேட்டுச் சொன்னாள்: "அவரும் இதேதான் சொல்லுகாரு."

கடைசியில் நான்தான் எழுந்தேன். துணிச்சலெல்லாம் இல்லை, பயம். அண்ணாச்சியின் கையை எடுத்து அவர் சம்பந்தியின் கையில் வைத்து, "ரெண்டு பேரும் சேந்து எந்திரிங்க" என்றேன். எழுந்தார்கள். அவர் குனியக் குனிய இவர் கும்பிட்டார். வாசல்வரை அது ஓயவில்லை.

ஆறு மாதம் கழித்து நாகர்கோவிலில் கல்யாணம் நடந்தது. அண்ணாச்சி பந்தியில் நடந்தார். அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியவன் நானே என்று கோட்டாறு கடைத்தெருவரை சொல்லித் திரிந்தேன். அவர் ஒருநாளும் மறுக்கவில்லை.

சாவு வீட்டில் கென்ஜி வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் விடவில்லை. உள்ளே அண்ணாச்சி கண்மூடிக் கிடந்தார், எவர் இலையையும் பார்க்காமல். மெதுவாகப் போய் வாருங்கள் அண்ணாச்சி. இங்கே பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்தபின், மீனாவிடம் அந்த ராமென் கடைப் பேச்சை எடுத்தேன். வீங்கிய கண்களோடு சிரித்துவிட்டாள்.

"மாமா, அதுக்கு முந்தின மாசமே எங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணியாச்சு, விசாவுக்காக. ரெண்டு வீட்டுக்கும் தெரியும்."

"அப்பம் அண்ணாச்சி எதுக்கும்மா அந்தப் பதறு பதறினாரு?"

"அப்பா எதுக்குத்தான் பதறல்ல?"

பதிவுப் புத்தகத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டதும் அண்ணாச்சிதானாம். கை கொஞ்சமும் நடுங்கவில்லையாம்.