ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

அண்ணி மருத்துவமனையின் கணினி வலையை வடிவமைப்பவர். அது என்ன வேலை என்று அம்மா ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்விட்ச்னு ஒரு பெட்டி, அத்தை. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் அதுலதான் வந்து சேரும். அந்த ஒரு பெட்டியை உள்ளுக்குள்ள ரெண்டாப் பிரிக்கறேன். ஒரு பக்கம் செத்தாலும் இன்னொரு பக்கம் அதுபாட்டுக்கு ஓடும்."

"ஊருக்கெல்லாம் தனிக்குடித்தனம் வெச்சுக் குடுக்கற. நீ மட்டும் என்கூடவே கிடக்கற."

"உங்க சமையலை விட்டுட்டு எங்க போறது, அத்தை?"

நானும் அதே மருத்துவமனையில், நோயாளிகள் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். அதனால் பின்னால் நடந்ததை நேரிலேயே பார்த்தேன்.

மருத்துவமனையை ஒட்டி அதன் மருத்துவக் கல்லூரி. போன வருடம் அங்கே ஒரு மாணவன் ஒரு வயரின் இரண்டு முனைகளையும் சுவரில் இருந்த இரண்டு துளைகளில் செருகிவிட்டான். போன தகவலே சுற்றிச் சுற்றி வந்து வலை முழுவதும் அடைத்துக்கொண்டது. வார்டுகளில் திரைகள் உறைந்தன. தாதியர் மருந்துச் சீட்டுகளோடு மாடிப்படிகளில் ஓடினார்கள். அன்றிலிருந்து தலைமைத் தாதி பெரிய சிஸ்டர் ஒரே பிடியாக இருந்தார்: கல்லூரி வயர் வார்டுப் பக்கமே வரக்கூடாது.

ஆனால் நிர்வாகம் வாங்கித் தந்தது இரண்டே பெரிய ஸ்விட்ச். ஒன்று பழுதானால் மற்றது தாங்க வேண்டும்; அதனால் ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாது. அண்ணி இரண்டையுமே வார்டுக்கும் கல்லூரிக்குமாகப் பிரித்து வரைந்திருந்தார். பெரிய சிஸ்டர் சம்மதித்தால்தான் அந்த வடிவமைப்பு நிலைக்கும். இல்லையென்றால் ஒரு வருட உழைப்பு குப்பைக்கு.

"படம் போட்டுக் காட்டாதீங்கம்மா. என் கண்ணு முன்னால கல்லூரிப் பக்கத்தைக் கவுத்துக் காட்டுங்க," என்றார் பெரிய சிஸ்டர்.

"காட்டறேன், சிஸ்டர்."

ஒரு வார்டையும் கல்லூரியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தையும் மட்டும் புது ஸ்விட்சுகளில் இணைத்துச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை எல்லாரும் ஸ்விட்ச் அறையில் கூடியிருந்தோம். தொடங்கும் முன்பே வார்டிலிருந்து போன்: ஆய்வகத்திலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை.

"கவுக்கறதுக்கு முன்னாடியே தானாப் படுத்துடுச்சா?" என்றார் பெரிய சிஸ்டர்.

அண்ணி ஸ்விட்சின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மருத்துவமனையில் ஒயரிங் பார்க்கும் ஊழியர் கையில் இரண்டு குட்டை வயர்களோடு நின்றிருந்தார்.

"ரெண்டு பெட்டியிலயும் ஒரே தப்பும்மா. வயர் வெளியே வந்து அதே பெட்டிக்குள்ளயே போகுது. யாரோ தூக்கத்துல செருகியிருக்காங்க. நான்தான் கழட்டி ஒழுங்கு பண்ணினேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருகினது நான்தாண்ணே. முழிச்சுக்கிட்டுத்தான்."

சோதனையைப் பார்க்க வந்திருந்த நிர்வாக மேலாளர் பதறிப்போய் வயருக்குக் கை நீட்டினார். "இருக்கட்டும், சார்," என்று தடுத்தார் அண்ணி. பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஒரே பெட்டிக்குள்ள இருந்தாலும் இந்த ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு பாக்காது, சிஸ்டர். ஆய்வக முடிவு வார்டுக்கு வரணும்னா வெளியே இப்படி ஒரு வயர் போட்டுத்தான் ஆகணும். வேற வழியே கிடையாது. இப்ப அதுவும் இல்ல. வார்டுல மத்ததெல்லாம் ஓடுதான்னு கேளுங்க."

கேட்டார். நோயாளி விவரம், மருந்துப் பட்டியல் எல்லாம் திறந்தன. பிறகு அண்ணி சொன்னபடி ஆய்வகத்தில் போன வருடம் அந்த மாணவன் செய்த தப்பை வேண்டுமென்றே செய்தார்கள். கல்லூரிப் பக்க விளக்குகள் வெறிபிடித்தாற்போல் துடித்தன. ஆய்வகத் திரைகள் உறைந்தன. பெரிய சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. வார்டில் ஒன்றும் ஆகவில்லை.

"அப்போ திரும்ப ஏதாவது ஆச்சுன்னா இந்த வயரைப் புடுங்கினாப் போதுமா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"இது செருகியிருந்தாலும் அந்தக் குழப்பம் தாண்டி வராத மாதிரிதான் வெச்சிருக்கேன். அதையும் இப்பவே பாத்துடலாம். நீங்களே செருகுங்க."

பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊசி போடும் கவனத்தோடு இரண்டு வயர்களையும் செருகினார். கல்லூரிப் பக்கம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வார்டு அசையவில்லை. ஆய்வகத்தில் தப்பைச் சரிசெய்ததும் பரிசோதனை முடிவுகள் வந்துசேர்ந்தன.

"எல்லா வார்டையும் மாத்திக்கோங்கம்மா," என்றார் பெரிய சிஸ்டர். பையிலிருந்து மருந்துப் புட்டிகளுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து இரண்டு வயர்களிலும் சுற்றி, 'தொடாதே' என்று எழுதினார். ஒயரிங் ஊழியரை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வரும்போது என்னிடம் கேட்டார்: "உனக்கு என்ன வேணும் இவங்க?"

"எங்க அண்ணி," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. தாழ்வாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.