தங்கையா கடலில் விட்ட பாட்டில்கள்

சென்ற ஞாயிறு காலை, காஜா பெராங் வட்டாரத்திலிருந்து, தங்கையா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே, "மணியம், தங்கையா இல்ல லா. தூக்கத்துலயே போயிட்டாரு," என்றார். சொந்தமென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் செய்தி முதலில் என்னிடம் வந்தது. உடலை எடுத்துக்கொண்டு போனபோது ஐந்து பேர் இருந்தோம்.

துறைமுக அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பாட்டில்காரர் என்றால்தான் தெரியும். காலி சோடா பாட்டிலில் எண்ணிட்ட அஞ்சலட்டையை வைத்து, காற்றில் அடித்துக்கொண்டு போகாமல் நீரோடு மட்டும் போகட்டும் என்று கொஞ்சம் மணலும் போட்டு, அரக்கால் மூடிக் கடலில் விடுவார். நம் நீரிணையின் தண்ணீர் ஜாவாக் கடலிலிருந்து வந்து அந்தமான் கடலுக்குப் போகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். "கரையில நின்னா தண்ணி வருது, போகுது. மொத்தத்துல எங்க போய்ச் சேருதுன்னு யாரு பாத்தா?" என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

பாட்டிலைக் கண்டெடுத்தவர்கள் அட்டையில் இடத்தை எழுதித் தபாலில் போட வேண்டும். அந்த இடத்தை இவர் தன் வரைபடத்தில் கோடிட்டுக் குறிப்பார். மெர்டேக்கா என்று நாடு விடுதலை பெற்ற ஆண்டில் ஒன்றுகூட வரவில்லை. ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, இவர் தினமும் தபால்காரரின் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்புவார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, பினாங்குக் கரையில் கிடைத்ததாகக் கையெழுத்தை மாற்றி எழுதி, அங்கே போன லோரிக்காரர் ஒருவரிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

அட்டை வந்தது. பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரைபடத்தில் எதையும் குறிக்கவில்லை. மறுநாள் என்னைச் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனார். அவர் மடியிலிருந்த பாட்டிலில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. நான் எழுதிய அட்டையின் எண் அது. அதற்குரிய பாட்டில் அதுவரை அவர் மேசைக்கடியிலேயே கிடந்திருக்கிறது. வெட்கத்தில் நான் தலையைத் தூக்கவில்லை.

"பதிலு முந்திக்கிச்சு, பாட்டிலு இப்பதான் கெளம்புது," என்று சிரித்தார். அதே எண்ணில் வேறு அட்டை எழுதி உள்ளே வைத்திருந்தார். பாட்டிலை நீரில் விட்டபின், "எனக்காகத்தான் செஞ்சேன்னு தெரியும் மணியம். ஆனா தண்ணிதான் சொல்லணும் லா. நீயும் இட்டுக்கட்டுனா நான் யாரைத்தான் நம்புறது?" என்றார்.

பிறகு சில அட்டைகள் வந்தன, எல்லாம் பக்கத்துக் கரைகளிலிருந்து. வடக்கே அந்தமான் பக்கம் அவர் வரைபடத்தில் ஒரு கோடும் விழவில்லை. தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டுவைத்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தை. அவர் பெயருக்கு அட்டை ஏதும் வந்தால் என்னிடம் தரும்படி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தொன்றுக்கு இன்னும் பதில் இல்லை. இனி அதற்குக் காத்திருக்க நான் ஒருவன்தான்.