நாலாவது ஞாயிற்றின் அரிசி

சபையில் புதிதாகப் பிள்ளைகள் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பிள்ளைகளை எப்படி ஊக்கப்படுத்துவது என்று எழுத வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பால் மரம் வெட்டியவள். நடந்ததை எழுதுகிறேன். கேட்டவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில், ஜாசின் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு லயத்துக்கு, ஒரு வரிசை வீட்டுக்கு, மேல் இல்லை. ஜெபவீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர். போதகர் மலாக்கா டவுனிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார். ஞாயிறு மூன்று மணிக்குப் பிள்ளைகள் வகுப்பு. எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் வகுப்பு என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் என்னை டீச்சர்க்கா என்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கங்காணியிடம் வாங்கும் ஏச்செல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்போம். ஞாயிறன்று அது ஜெபவீட்டுக்குப் போகும். பிடி அரிசி என்று பேர். பிள்ளைகள் கொண்டு வருவதைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ப்பேன். அறுப்பின் பண்டிகையன்று டின்னைப் பீடத்துக்கு முன் வைப்போம். ஜெபம் முடிந்ததும் அங்கேயே பொங்கிப் பிள்ளைகளுக்குப் போடுவோம்.

இதற்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பண்டிகைக்கு முந்திய நாலு ஞாயிறும் அரிசி கொண்டு வருகிற பிள்ளை முன்வரிசையில் நின்று பாடலாம். கரும்பலகையில் பேர் எழுதி, அரிசி வந்தால் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். பிள்ளைகள் வந்ததும் முதலில் பலகையைத்தான் பார்க்கும். போதகர் அதைப் பார்த்துவிட்டு டவுன் சபையில் என்னைப் புகழ்ந்து பேசினாராம். அது என் காதிலேயே இருந்தது.

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஜெபவீடு வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. கூப்பிடு தூரம்தான். பகலில் போய் வரலாம். கேட்டில் சோதனை உண்டு. அரிசி, ரேஷன் அட்டைக்கு அளந்துதான் கிடைக்கும். ஒரு மணி அரிசி கூட வேலியைத் தாண்டக் கூடாது.

பெரியவர்கள் பிடி அரிசியை நிறுத்தினார்கள். நான் என் சட்டத்தை நிறுத்தவில்லை. கேட்டில் நிற்கிறவர்கள் பெரியவர்களைத்தான் தடவிப் பார்த்தார்கள். பிள்ளைகளை விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் நாலு ஞாயிறு தொடங்குமுன் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டது. ஒன்பது வயசு. நன்றாகப் பாடும்.

"டீச்சர்க்கா, கேட்டுல புடிச்சா?"

"ஒரு பிடிதானே. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் பேருக்கு நேரே மூன்று கோடு விழுந்தது. நாலாவது ஞாயிறு கேட்டில் ஒரு புதுப் பொம்பளையைப் போட்டிருந்தார்கள். ஜாசினிலிருந்து வந்தவள். பிள்ளைகளையும் விடவில்லை. அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றது. பாவாடை மடிப்பில் ஒரு முடிச்சு. அந்தப் பொம்பளை அவிழ்த்தாள். அரிசி.

மாத்தாக்கள் கூடிவிட்டார்கள். போலீஸை அப்போது அப்படித்தான் சொல்லுவோம். மலாய்ப் பேச்சைத் தமிழாக்கத் தோட்ட ஆபீஸ் கிராணியைக் கூப்பிட்டார்கள். கிராணியும் நம்ம ஆள்தான்.

"யாருக்குடி இது?"

"சாமிக்கு."

"ஒங்க சாமி காட்டுக்குள்ளயா குடியிருக்கு? துப்பாக்கி வச்சிருக்காரா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஜெபவீட்டுக்குங்க. டின்னுல போடுவோம்."

என் பேரைச் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. என் கையில் வேதப் புத்தகம் இருந்தது. அந்தப் பொம்பளை அதை உதறிப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னாள். லயத்திலிருந்து அப்பனைக் கூட்டி வர ஆள் போனது. நான் வெளியே நடந்தேன்.

ஜெபவீட்டுக்குப் போனதும் டின்னைத் தூக்கினேன். மூன்று வாரத்து அரிசி. பின்னால் ஓடையில் கொட்டினேன். சனங்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்ற காலம் அது. டின்னைக் கழுவிக் கவிழ்த்தேன். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கரும்பலகையைத் துடைத்தேன். பேர்கள் எல்லாம் போயின. பயந்துதான் செய்தேன். ஜெபவீட்டைக் காப்பாற்றத்தான் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வந்தார்கள். மாத்தாக்கள், கிராணி, அந்தப் பெண், அவள் அப்பன். பீடத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். பாயைப் புரட்டினார்கள். டின்னை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

கிராணி என்னிடம் கேட்டார். "இங்க அரிசி சேக்குறீங்களா?"

"இல்லீங்க."

"பிள்ளைங்களக் கொண்டாரச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

அந்தப் பெண் பலகையைப் பார்த்தது. பலகை இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு என் முந்தானையைப் பார்த்தது.

அரிசி ஜெபவீட்டுக்கு என்று பிள்ளை சொன்னது பொய்யாகிவிட்டது. அப்படியானால் யாருக்கு? அப்பன்தான் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினான், காட்டுக்காரர்களுக்கு என்று முடிவு கட்டினார்கள். டின்னில் அரிசியும் பலகையில் கோடும் இருந்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். ஒரு டீச்சர்க்காவின் முட்டாள்தனம் என்று போயிருக்கும். நான் கொட்டியது அரிசியை மட்டுமல்ல. லாரி வந்தது. அப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பண்டிகைக்குப் போதகர் வந்தார். அவரிடம் எல்லாம் சொன்னேன்.

"இப்ப போயிச் சொன்னா ஜெபவீட்ட இழுத்து மூடிருவாங்கம்மா. ஒங்களையும் கொண்டு போயிருவாங்க. பிள்ளைங்க வகுப்ப யாரு நடத்துவா? ஜெபம் பண்ணுவோம்."

சரிங்க என்றேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுதான் போயிருந்தேன். அன்று பிள்ளைகள் பாடினார்கள். முன்வரிசை என்று ஒன்று வைக்கவில்லை. பீடத்துக்கு முன் இரண்டு பூசணிக்காய் இருந்தது.

அந்தப் பெண்ணின் தாய்க்காரி இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மரம் வெட்டினாள். பெரியவளை வகுப்புக்கு அனுப்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு ஒதுங்கும்.

எட்டு மாதம் கழித்து அப்பனை விட்டார்கள். ஒன்றும் நிரூபிக்க முடியவில்லையாம். தோட்டத்தில் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். டுரியான் துங்கால் பக்கம் அவருக்கு மச்சான் ஒருத்தர் இருந்தார். சாமான்களை ஏற்ற வண்டி வந்த அன்று நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பன் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஒரு சட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன்.

"சொல்ல வேண்டாம்லா. புள்ள எங்கிட்ட அன்னிக்கே சொல்லிருச்சு."

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொல்லி? ஒங்களயும் கொண்டாந்து பக்கத்து ரூமுல அழ வுடணுமா? எனக்குத் தூக்கம் கெடும்."

சிரித்தார். பல் ஒன்று இல்லை.

அந்தப் பெண் வாசலில் நின்றது. வளர்ந்திருந்தது. அன்றுதான் என்னோடு பேசியது.

"டீச்சர்க்கா, அந்த அரிசிய எங்க கொட்டுனீங்க?"

"ஓடையில."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"விடு," என்றார் அப்பன். "மீனு தின்னுருக்கும். அதுவும் கடவுளோடதுதான்."

தாய்க்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நடந்து போனாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் வகுப்பு நடத்தினேன். வேலியைப் பிரித்த பிறகும் நடத்தினேன். பிள்ளைகளை ஊக்கப்படுத்துகிறவர் என்று டவுன் சபையில் ஒரு வேதப் புத்தகம் பரிசு கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதை நான் திறப்பதில்லை. பழையதைத்தான் வாசிக்கிறேன்.

வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இதுதான். பிள்ளைகளிடம் எதையும் கொண்டு வரச் சொல்லுமுன் யோசியுங்கள். அவர்கள் கொண்டு வந்துவிடுவார்கள்.