டமாம் பாயின் இரண்டு பெட்டிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிவாசல் தெருவில் சேக் முகைதீன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். டமாம் பாய் என்று கேட்டால்தான் நேராக இவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். சவூதியில் டமாம் பக்கம் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மனுசன். ஊர் திரும்பியும் இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை. "டமாமுல நாங்க இருக்கையில" என்று அவர் ஆரம்பித்தால் டீக்கடையில் பாதிப் பேருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்துவிடும்.

அவர் பேச்சில் அதிகம் அடிபடுவது அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்தான். முழங்கால் உயரம், தேக்கு நிறம், முன்பக்கம் கறுப்புத் துணி. வேலையை விட்டு ஊருக்குப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கியது. பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் போகிற வழியில் ஒரு பம்பு நிலையம், அதில் ஜெனரேட்டர் ஓட்டுகிற வேலை பாய்க்கு. தகரக் கூரை போட்ட தனி அறை. பக்கத்திலேயே ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை மீறி மனைவியின் பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் அம்புட்டுப் பெரிய பெட்டி இருந்தால்தான் முடியும்.

மனைவி நூர்னிசாவுக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் கடிதம் எழுதிக் கொடுத்தாள். புருசனிடம் சொல்ல வேண்டியதை அடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எல்லாக் கடிதமும் "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு முடிந்துபோனது. பிறகு தெருவில் எல்லாரும் செய்ததை அவளும் செய்தாள். சின்ன டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, யாராவது சவூதிக்குப் புறப்பட்டால் கேசட்டைக் கொடுத்துவிடுவாள். அரைமணி நேரம் பேசுவாள். மழை பெய்ததா, பர்வீன் பள்ளிக்கூடத்தில் என்ன வாங்கினாள், கொத்தனார் வந்தாரா என்று ஒன்று விடமாட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி இருபத்தாறு கேசட் வந்தது. பாய் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. அவர் அவளோடு குடும்பம் நடத்திய நாட்களைவிட அவள் கேசட்டைக் கேட்ட நாட்கள்தான் அதிகம். இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனால் வளைகுடாவுக்குப் போனவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

தொண்ணூற்றெட்டில் நூர்னிசா மௌத்தாகிவிட்டாள். நெஞ்சு கெட்டுவிட்டது. மாடி கட்டுகிற காசுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போனவள், பஞ்சுத் தூசியை மூன்று வருடம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வருடமும் பாய் ஊருக்கு வரவில்லை. வர வேண்டிய லீவை, மாடி முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். அடக்கம் முடிந்து பதினோராம் நாள்தான் வந்து சேர்ந்தார். பதினைந்து வயது பர்வீன் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

இன்றைக்கு பர்வீனுக்கு நாற்பத்தொன்று. ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, அவளுக்கே கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். பெருநாளைக்குப் பெருநாள் அத்தாவைப் பார்க்க வருவாள். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கை நனைக்காமல் கிளம்பிவிடுவாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்தவள் இல்லை. பாய் ஒவ்வொரு பெருநாளும் பிரியாணி ஆக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் அதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்.

போன ரம்ஜானுக்கு வந்தபோதுதான் வாய்விட்டுக் கேட்டாள். அம்மா கேசட்டில் சொல்லியிருப்பாள், முடியவில்லை வந்துவிடுங்கள் என்று கட்டாயம் சொல்லியிருப்பாள், கேட்டுவிட்டுத்தான் நீங்கள் வராமல் இருந்திருக்கிறீர்கள் என்றாள். பாய் பதறிவிட்டார். அல்லா மேல் ஆணையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேசட் இருக்கிறது, வேண்டுமானால் நீயே கேள் என்று அந்த இடத்திலேயே எடுத்துப் போட்டார். ஸ்பீக்கரிலிருந்து தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி கரகரவென்று வந்ததே தவிர, ஒரு வார்த்தை விளங்கவில்லை. பர்வீன் எழுந்து செருப்பைப் போட்டாள்.

"கேக்குறாப்புல ஆக்கிட்டுச் சொல்லுங்க. வாரேன்" என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவளாக வாரேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையிலேயே பாய் இரண்டு பெட்டியையும் கேசட் டெக்கையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுயம்புலிங்கம் கடை. பிழைப்புக்குக் கார் ஸ்டீரியோ மாட்டுகிறவர், பிரியத்துக்குப் பழைய ஸ்பீக்கர்களைத் திறந்து பார்க்கிறவர். அவர் முதலில் சொன்னது, கேசட்டையெல்லாம் கொடுத்துவிட்டுப் போங்கள், போனில் ஏற்றித் தருகிறேன், மகள் காதில் மாட்டிக் கேட்கட்டும் என்றுதான். எம்புட்டு எளிதான வழி. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எதுல கேட்டேனோ அதுலதான் எம் மகளும் கேக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். யாரோ நடுவில் புகுந்து எதையாவது அழித்துவிட்டதாக அவள் நாளைக்கு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் அவருக்கு.

சுயம்புலிங்கம் முன்பக்கத் துணியைக் கழற்றினார். பெரிய ஸ்பீக்கரின் விளிம்பில் இருந்த ஃபோம் வளையம், விரல் பட்டதும் பழைய பிஸ்கட்டாட்டம் உதிர்ந்தது. உள்ளே பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு போர்டு. தடித்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய சத்தத்தை மேலே இருக்கிற சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற போர்டு அது. அதிலிருந்த கெப்பாசிட்டர்கள் வற்றிப்போயிருந்தன. புது ஃபோம் ஒட்டலாம், கெப்பாசிட்டரை நல்ல ஃபிலிம் வகையாக மாற்றலாம், உள் வயரைக் கொஞ்சம் தடிமனாகப் போடலாம், வாங்கின நாளைவிட நன்றாகப் பேசும் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டார். ட்வீட்டருக்குப் போகிற வயர் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனைகளில் கறுப்பு டேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அடுத்த பெட்டியிலும் அதே மாதிரி.

"யாரோ தெரிஞ்சுதான் வெட்டிருக்காவ பாய்."

பாய் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்டியது அவர்தான், எண்பத்தொன்பதில். அந்தச் சின்ன டேப் ரெக்கார்டரில் எடுத்த கேசட் எல்லாவற்றிலும் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டர் சத்தம் போதாதென்று இது வேறு. கூட வேலை பார்த்த மலையாளி ஒருவன், மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரைத் துண்டித்தால் இரைச்சல் போய்விடும் என்று வழி சொன்னான். துண்டித்தார். இரைச்சல் போனது, நூர்னிசாவின் குரல் மெத்தென்று ஆனது. அன்றைக்கு அந்த மலையாளிக்கு டின் மீன் குழம்பு வைத்துக் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கேசட் எல்லாம் அப்படித்தான் கேட்டார், ஒன்பது வருடம்.

பாதிப் பெட்டியைக் கொன்றுவிட்டு மீதியில் கேட்டிருக்கிறீர்களே என்று சுயம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். வேலையே செய்யாததால் ட்வீட்டர் இரண்டும் புத்தம் புதிதாக இருந்தன. வயரைச் சேர்த்துப் பற்றவைத்தார். பத்து நாளில் எல்லா வேலையும் முடிந்து, பாயின் கேசட் டெக்குக்குப் புது பெல்ட்டும் மாட்டி, கடையிலேயே ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். சீவாளியில் காற்று நுழைவதுகூடத் தனியாகக் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்று கேட்டார்கள். பாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரச் சொன்னார். அவளும் சரி என்றாள்.

வியாழன் மத்தியானம், மகள் வருவதற்கு முன் ஒருதரம் சரிபார்த்துவிடுவோம் என்று கடைசி வருடத்துக் கேசட் ஒன்றைப் போட்டார்.

நூர்னிசா பேசினாள். மாடிப்படி பூசியாகிவிட்டது. ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கவா, நீலம் அடிக்கவா. பர்வீன் பத்தாவதில் நல்ல மார்க் எடுப்பாள். வார்த்தைகள் எல்லாம் பாய்க்கு மனப்பாடம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில், அவர் இதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. அவள் மூச்சு இழுத்தாள். சல்லடையில் காற்று புகுந்து வருகிற சத்தம். "மாடிப்படி" என்று சொல்லி ஒரு தரம் இழுத்தாள், "பூசியாச்சு" என்று சொல்லி இன்னொரு தரம் இழுத்தாள். பர்வீன் பேரைச் சொல்லும் முன் இரண்டு தரம் இழுக்க வேண்டியிருந்தது. இடையில் ஒலிப்பதிவை நிறுத்தி, இருமிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறாள். அதுகூடத் தெரிந்தது.

பாய் டெக்கை நிறுத்தினார். வேறொரு கேசட்டைப் போட்டார். அதற்கு முந்தியதையும் போட்டார். மூச்சு ஒவ்வொரு கேசட்டாகப் பின்னால் போகப் போகக் குறைந்து, தொண்ணூற்றைந்தில் இல்லாமல் போனது. அவர் லீவைத் தள்ளிப் போட்ட வருடம் அது. ஒரு வைத்தியன் எழுதிவைத்த மாதிரி வரிசையாக எல்லாம் இருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை என்பது நிஜம். ஆனால் கேட்கிற காது இருந்திருந்தால் மூச்சு இழுத்த முதல் கேசட்டிலேயே ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். அறுபத்தெட்டு வயது மனுசன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் புத்தி என்ன செய்யும்? தப்பிக்கத்தான் வழி தேடும். பெட்டியைத் திறந்து அந்த வயரை மறுபடி நறுக்கிவிட்டால் போதும், அஞ்சு நிமிட வேலை. நாளைக்கு மகள் வந்து கேட்பாள். வார்த்தைகள் மட்டும் மெத்தென்று வரும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வாள். ஒரு வாய் சாப்பிட்டாலும் சாப்பிடுவாள். பாய் கத்தரியை எடுத்தார், ஸ்க்ரூவையும் கழற்றினார். அதற்கு மேல் முடியவில்லை. பெரிய நேர்மை என்று இதை நான் சொல்ல வரவில்லை. தெரியாமல் ஒருதரம் அடைத்த மூச்சைத் தெரிந்தே இன்னொரு தரம் அடைக்க அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை பர்வீன் வந்தாள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாய் அந்தக் கடைசி வருடத்துக் கேசட்டைப் போட்டார். முதல் மூச்சு கேட்டதுமே அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கம் முடியும்வரை அசையவில்லை. அம்மா வரச்சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றதும் தெரிந்துவிட்டது.

"இது ஒங்களுக்கு அங்க கேட்டுச்சா?" என்றாள்.

"கேக்கல. கேசட்டு இரைச்சல் தாங்கலன்னு நான்தான் வயர வெட்டிவிட்டேன். அதோட இதுவும் போயிருக்கு. நேத்துத்தான் எனக்கே தெரியும்."

 அவர் திட்டை எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த மூச்சு இரைச்சலுக்குப் பக்கத்துலதான் அத்தா நான் மூணு வருசம் படுத்துக் கெடந்தேன்" என்றாள். "செத்த நேரம் நின்னாலும் முழிச்சு, அம்மாவத் தொட்டுப் பாப்பேன். நீங்க கேட்டுட்டு வரலன்னு நெனச்சேன். அப்படி நெனச்சு கோவப்படவாவது முடிஞ்சிச்சு."

 சாப்பிட்டுப் போம்மா என்று வாய் வரை வந்ததைப் பாய் விழுங்கிவிட்டார். அவள் அலமாரியைத் திறந்து இருபத்தாறு கேசட்டையும் எடுத்து ஒரு துணிப்பையில் அடுக்கினாள். டெக்கில் இருந்ததையும் அவளே எடுத்தாள். இவை என்னிடம் இருக்கட்டும் என்றாள், கேட்கிற தொனியில் இல்லை. அவர் மறுக்கவும் இல்லை. வாசல் வரை பின்னாலேயே போனவர், அங்கே நின்று ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு கேசட்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா, எதுவானாலும் சரி என்றார்.

பர்வீன் குடையை விரித்துக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எதுக்கு அத்தா?"

அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள்.